வீடு இருக்கட்டும், ஓனர் எப்படி?

எங்கள் அத்தானிடம் யாராவது ஒரு வீட்டைப் பற்றிச் சொன்னால், எத்தனை அறை, எந்தத் தெரு, தண்ணீர் ஒழுங்காக வருமா என்றெல்லாம் கேட்க மாட்டார். அவருடைய முதல் கேள்வி, "ஓனர் எப்படி?" அதற்கு நல்ல பதில் வந்துவிட்டால், அந்த வீட்டுக்குக் கூரை இருக்கிறதா என்றுகூட விசாரிக்க மாட்டார்.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பிறந்தது வாடகை வீடு, வளர்ந்தது வாடகை வீடு, என் அக்காவைக் கட்டிக்கொண்டு குடித்தனம் தொடங்கியதும் வாடகை வீடு. எட்டு மணிக்கு மேல் கேட்டைப் பூட்டும் ஓனர், விருந்தாளி வந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் ஓனர், சுவரில் ஆணி அடித்தால் தன் நெஞ்சில் அடித்த மாதிரி துடிக்கிற ஓனர் என்று எல்லா ரகத்தையும் பார்த்துவிட்டவர். எல்லோரிடமும் அவர் சொன்ன ஒரே வார்த்தை "சரிங்க". போகிற இடமெல்லாம் தங்கமான மனுஷன் என்று பெயரெடுத்தவர். நானும் அதைத்தான் சொல்வேன், ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வேன்.

அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, மூக்கில் வட்டமான ஒரு சட்டத்தை மாட்டி, அதில் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருந்துச்சா?" என்று கேட்பது அவர் பிழைப்பு. சில பேர் எதைப் போட்டாலும் "ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு" என்பார்கள். நானாக இருந்தால் எழுப்பி அனுப்பிவிடுவேன். அவர் சிரித்த முகமாக மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். என் பொறுமையைப் பற்றி என்னிடம் படித்தவர்கள் யாரையும் கேட்காமல் இருப்பது நல்லது. ஆனாலும் அத்தான் வீடு வாங்கிய கதையில் நான் காட்டிய பொறுமைக்கு எனக்கு யாராவது மாலை போட்டிருக்க வேண்டும்.

அப்போது அவர்கள் ஒரு வீட்டின் மாடியில் குடியிருந்தார்கள். கீழே ஓனர். மனுஷன் ஒருநாளும் திட்டியதில்லை. அவரிடம் ஓர் ஒட்டடைக்கோல் இருந்தது, அவ்வளவுதான். மேலே நாற்காலி நகர்ந்தால் கீழேயிருந்து கூரையில் டொக். டம்ளர் விழுந்தால் டொக். எனக்குத் தும்மல் கொஞ்சம் பலமாக வரும். அதற்கு டொக் டொக். அந்தக் கோலுக்குப் பயந்து அக்கா வீட்டு நாற்காலிக் கால்களுக்கெல்லாம் பழைய காலுறை போட்டிருந்தார்கள். குக்கர் விசில் அடிக்கப் போகிறது என்று தெரிந்தாலே அடுப்பை அணைத்துவிடுவார்கள். அந்த வீட்டில் எதுவும் முழுசாக வெந்து நான் சாப்பிட்டதே இல்லை. குதிகால் தரையில் படாமல் நடப்பார்கள். அக்கா பொண்ணு குட்டிக்குப் பந்தை உருட்டத்தான் தெரியும். பந்து என்பது தட்டினால் எழும்புகிற பொருள் என்பதே பள்ளிக்கூடம் போன பிறகுதான் பிள்ளைக்குத் தெரிந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், என் அக்காவுக்கு வேலை பஸ் நிலையத்தில் அறிவிப்பு சொல்வது. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று அவள் மைக்கில் தொடங்கினால் தூங்குகிறவன் எழுந்து பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். கணீரென்று மணி அடித்த மாதிரி குரல். சின்ன வயதில் அவள் என்னைத் திட்டினால் அடுத்த தெருவில் இருக்கும் என் நண்பர்கள் வரை விஷயம் போய்விடும். அப்படிப்பட்டவள் வீட்டுக்கு வந்ததும் பெட்டிப் பாம்பாக அடங்கிவிடுவாள். உப்பு வேண்டுமா என்பதைக்கூடக் கையால் கேட்பாள். ஊருக்கே கேட்கிற குரல், கட்டின புருஷனுக்குக் கேட்டதில்லை.

இப்படியே ஓடிக்கொண்டிருந்த வண்டி ஒருநாள் நின்றது. குட்டியின் வகுப்பில் ஏதோ நாடகம். குட்டி பேசுவது முதல் வரிசைக்கே கேட்கவில்லை என்று டீச்சர் அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். "எதுக்கும் ஒரு தடவை தொண்டை டாக்டரைப் பாத்துடுங்க." அக்கா பதறிப்போய் என்னைக் கூப்பிட்டாள். நான்தான் வண்டியில் கூட்டிக்கொண்டு போனேன். அத்தானும் கடையில் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

டாக்டர் குட்டியின் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தார். "தொண்டை நல்லாத்தான் இருக்கு. எங்க, உன்னால முடிஞ்ச அளவுக்குச் சத்தமா 'ஆ'ன்னு சொல்லு பாப்போம்."

குட்டி வாயைத் திறந்தாள். தரையைப் பார்த்தாள். பிறகு அம்மா பக்கம் திரும்பி, ரகசியமாகக் கேட்டாள். "கீழ இருக்கறவங்களுக்குக் கேக்காதாம்மா?"

டாக்டர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. வீட்டு வாசலில் இறங்கியதும் அத்தானிடம், "நமக்குச் சொந்தமா ஒரு வீடு வேணும்" என்றாள். வழக்கமான ரகசியக் குரலில்தான் சொன்னாள். ஆனால் அந்தக் குரலில் இனிமேல் பேச்சுக்கு இடமில்லை என்பது எனக்கே புரிந்தது. நாங்கள் சிரித்திருக்கக் கூடாது.

வீடு பார்க்கும் முன்னால் எது அவசியம், எது ஆசை என்று முடிவு பண்ணிக்கொள்ளச் சொல்லி அக்காவுக்கு பஸ் நிலையத்தில் யாரோ யோசனை சொல்லியிருந்தார்கள். நல்ல யோசனைதான். ஒரு விடுமுறை நாளில் உட்கார்ந்து பேசினோம். அக்காவுக்கு ஆசை பல. சமையலறை ஜன்னல் வழியாகத் தெரு தெரிய வேண்டும். துணி காயப்போட யாரிடமும் முறை கேட்கக் கூடாது. கண்ணாடி மாட்ட ஓர் ஆணி. அவசியம் என்று கேட்டால் ஒன்றே ஒன்று. "குட்டி கத்தினா யாரும் ஏன்னு கேக்கக் கூடாது."

"உங்களுக்கு என்ன அத்தான் அவசியம்?" என்று கேட்டேன்.

அவர் நெடுநேரம் யோசித்தார். "தண்ணி மோட்டார் போடறதுல தகராறு பண்ணக் கூடாது. மாசாமாசம் படியேறி வந்து எட்டிப் பாக்கக் கூடாது. ஏதாவது ரிப்பேர்னா மூஞ்சியைச் சுளிக்காம செஞ்சு தரணும்."

"யாரு?"

"ஓனர்தான்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

அதன் பிறகு எத்தனை வீடு பார்த்தோம் என்று கேட்காதீர்கள். எல்லாம் என் பயிற்சி வண்டியில்தான். பயிற்சி வண்டி என்றால், ஓட்டுகிறவர் காலடியில் இருப்பதைப் போலப் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர்கள் சுவரைப் பார்த்து ஓட்டும்போது என் உயிரைக் காப்பாற்றுவது அதுதான். அத்தான் அந்த இருக்கையில் உட்கார்ந்தால் பிரேக்கில் பட்டுவிடக் கூடாதே என்று முழங்காலை மடக்கி, பையை மடியில் வைத்துக்கொண்டு, வண்டிக்குள்ளும் குடக்கூலிக்கு இருப்பவரைப் போல ஒடுங்கி வருவார்.

போன இடமெல்லாம் ஒரே கூத்து. வீட்டை விற்கிறவர் தன் வீட்டைப் பற்றிப் பெருமை பேசுவார். நம் ஆள் தன்னைப் பற்றிச் சொல்லத் தொடங்குவார். "நாங்க மூணே பேருங்க. விருந்தாளிங்க அதிகம் வரமாட்டாங்க. சீக்கிரமே விளக்கை அணைச்சுடுவோம்." விற்கிறவர்களுக்கு ஒன்றும் புரியாது. ஒரு பெண்மணி, "அதனால எனக்கு என்னங்க?" என்று கேட்டே விட்டார். இன்னொரு வீட்டில், "சுவத்துல ஆணி அடிக்கலாமுங்களா?" என்று கேட்டார். விற்கிறவர் இவர் கிண்டல் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டு, "இடிச்சே போடலாம்" என்றார். அத்தான் உச்சி குளிர்ந்து போனார். "பாத்தியா மாப்ளே, எவ்வளவு பெருந்தன்மை!"

கடைசியில் ஒரு வீடு அவருக்குப் பிடித்தது. அடுக்குமாடிக் கட்டடத்தில் நட்டநடுவில் ஒரு வீடு. மேலே ஒரு குடும்பம், கீழே ஒரு குடும்பம், இரண்டு பக்கமும் குடும்பங்கள். நடுப்பகலில் விளக்கைப் போட்டால்தான் எதிரே நிற்பது யார் என்று தெரியும். சுவர் அட்டை மாதிரி. அடுத்த வீட்டில் யாரோ தொண்டையைச் செருமினார்கள், நான் இங்கே "சொல்லுங்க" என்றேன். ஆனால் விற்கிற பெரியவர் சிரித்த முகம். உட்கார நாற்காலி போட்டார். டீ கொடுத்தார். "உங்க சொந்த வீடு மாதிரி நினைச்சுக்குங்க" என்றார். விற்கிறவர் அதைத்தானே சொல்வார்? அத்தானுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் எந்த ஓனரும் அவரிடம் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

வண்டியில் ஏறியதும் அவர் முடிவே செய்துவிட்டார். "மாப்ளே, இதுதான் வீடு. இந்த மாதிரி ஓனர் கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்."

"அத்தான், அவர் வீட்டை வித்துட்டுப் போயிடுவார்."

"போனா என்ன? போன் பண்ணினா வருவாரு. அப்படிப்பட்ட மனுஷன்தான் அவரு."

"எதுக்கு வரணும்?"

"கதவு இறுகிக்கிட்டு சாத்த முடியலைன்னா?"

நான் ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொள்ளாத குறை. பின்னால் உட்கார்ந்திருந்த அக்கா முன்னால் சாய்ந்து, அவர் காதருகில் மெல்லச் சொன்னாள். "வாங்கினப்புறம் ஓனர் நீங்கதாங்க."

இது அவருக்குத் தெரியாதது இல்லை. படித்தவர், உலகம் தெரிந்தவர். ஆனால் யாரும் அதை அதுவரை முகத்துக்கு நேராக அவரிடம் சொன்னதில்லை. "நானா?" என்று அலறி, மடக்கி வைத்திருந்த காலை நீட்டி, அந்தப் பிரேக்கை ஓங்கி மிதித்தார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நட்டநடுத் தெருவில் நின்றது. குட்டி முன் இருக்கையில் வந்து இடித்துக்கொண்டாள். அப்போதும் சத்தமில்லாமல்தான் அழுதாள்.

"யாருய்யா அது, என் வாசல்ல வண்டியை நிறுத்தறது?"

பக்கத்து வீட்டு வாசலில் உயரமான ஒரு கிழவர் நின்றிருந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அத்தான் அதற்குள் இறங்கி, கையைக் கட்டிக்கொண்டு, "மன்னிச்சுக்குங்க, மன்னிச்சுக்குங்க" என்று ஆரம்பித்துவிட்டார். கிழவருக்குப் பின்னால் சுவரில் 'விற்பனைக்கு' என்று ஒரு பலகை தொங்கியதை அக்கா பார்த்தாள்.

"வீடு பாக்கத்தாங்க வந்தோம்" என்று அவள் இறங்கி உள்ளே நடந்தாள்.

வீடென்றால் அது வீடு. தெருமுனையில் தனியாக நின்றது. கீழே கூடமும் சமையலறையும் ஒரு படுக்கையறையும், உள்ளேயே படி, மேலே ஓர் அறை. சுவர் ஒரு முழத்துக்குக் குறையாத கனம். சமையலறை ஜன்னலைத் திறந்தால் தெரு முழுக்கக் கண்ணுக்குள். அக்கா மாடி அறைக்குப் போய், குதிகாலால் தரையில் ஒரு மிதி மிதித்துவிட்டு, காத்துக்கொண்டு நின்றாள். பதிலுக்கு டொக் என்று வரவில்லை. அவள் என் பக்கம் திரும்பியபோது அந்த முகத்தில் தெரிந்த ஆசையை நான் சின்ன வயதுக்குப் பிறகு பார்க்கவே இல்லை.

கீழே இறங்கினால், அத்தான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வாசற்படியிலேயே நிற்கிறார். "நாங்க ரொம்ப அமைதியான குடும்பம்ங்க. எங்க பொண்ணு இருக்கற இடமே தெரியாது. சத்தமே போட மாட்டா."

"ஏன், ஊமையா?" என்றார் கிழவர்.

அத்தானுக்கு முகம் விழுந்துவிட்டது. கிழவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. "வித்துட்டுப் பொண்ணு வீட்டோட போகப்போறேன். இன்னொருத்தனும் கேட்டிருக்கான். ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிவு சொல்லணும். சொல்லலைன்னா அவனுக்குக் குடுத்துடுவேன். திரும்பத் திரும்ப வந்து வந்து பாக்கறதெல்லாம் எனக்குப் பிடிக்காது." சொல்லிவிட்டு எங்கள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார். அன்றைக்கே நான் அவருக்குச் சிடுமூஞ்சி என்று பெயர் வைத்துவிட்டேன்.

அத்தான் ஒரே பிடியாக நின்றார். வீடு நல்ல வீடுதான், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் வேண்டாம் என்றார். சனிக்கிழமை மத்தியானம் நான் போனபோது வீட்டில் ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. அந்த வீட்டுச் சண்டை எப்படி என்றால், இரண்டு பேரும் உதட்டை அசைப்பார்கள், கையை ஆட்டுவார்கள். டிவியில் ஒலியைக் குறைத்து வைத்த மாதிரி.

"அந்த மனுஷன்கிட்ட எப்படி காலந்தள்ளறது?" என்று அத்தான் கிசுகிசுத்தார்.

"அவர்தான் பொண்ணு வீட்டுக்குப் போகப்போறாரே!" என்று அக்காவும் கிசுகிசுத்தாள்.

"தெரியுது. புத்திக்குத் தெரியுது. ஆனா அந்த வாசல்ல கால் வைக்கணும்னு நினைச்சாலே கையைக் கட்டிக்கணும்போல இருக்கு."

அக்கா அவரைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். அவருடைய ஒரு கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடினாள். "இப்ப பாருங்க. சிரிச்ச முகமா ஓனர், இருட்டு வீடு." கையை அடுத்த கண்ணுக்கு மாற்றினாள். "இது, சிடுசிடுன்னு ஓனர், வெளிச்சமான வீடு. எது தெளிவு?"

தொழில் பக்தி என்று ஒன்று இருக்கிறதே. அத்தான் உண்மையிலேயே யோசித்தார். "முதல்ல காட்டினதை இன்னொரு தடவை காட்டு" என்றார். காட்டினாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கடைசியில், "ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு" என்றார்.

அக்கா கையை எடுத்தாள். நிமிர்ந்தாள். மூச்சை இழுத்தாள். எனக்கு அந்த மூச்சு தெரியும். நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு! இந்த மாடியிலிருந்து புறப்பட வேண்டிய குடும்பம், ஓட்டுநர் பயந்துபோய் உட்கார்ந்திருக்கும் காரணத்தால், இன்றும் புறப்படாது என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தெருவில் போய்க்கொண்டிருந்த ஒருவர் நின்று தன் பைகளைச் சரிபார்த்தார். குட்டி வாயைப் பிளந்துகொண்டு அம்மாவையே பார்த்தாள். கீழேயிருந்து டொக், டொக், டொக் என்று விடாமல் வந்தது. அக்கா காலைத் தூக்கி, குதிகாலால் திருப்பி ஒரு மிதி மிதித்தாள். கீழே சத்தம் சட்டென்று நின்றது. ஒட்டடைக்கோலுக்கு யாராவது பதில் சொன்னது அதுதான் முதல் தடவை.

அத்தான் துள்ளி எழுந்தார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே மன்னிப்புக் கேட்கக் கீழே ஓடினார். நானும் பின்னாலேயே போனேன்.

ஓனர் ஒட்டடைக்கோலும் கையுமாக நின்றிருந்தார். "என்ன சார் இது, பஸ் ஸ்டாண்டை வீட்டுக்கே கொண்டாந்துட்டீங்களா?"

"மன்னிச்சுக்குங்க. இனிமே நடக்காதுங்க."

"உங்க பொண்ணைப் பாருங்க. எவ்வளவு ஒழுங்கா வளந்திருக்கு. வீட்டுல ஒரு குழந்தை இருக்கறதே தெரியாது. அவங்க அம்மாவுக்கும் அந்த மாதிரி இருக்கச் சொல்லிக் குடுங்க."

எப்போதும் இந்தப் பாராட்டுக்கு அத்தான் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பார். அன்றைக்குச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. "குழந்தை இருக்கறதே தெரியாது" என்று அந்த வார்த்தையைத் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "அவளைத் தொண்டை டாக்டர்கிட்டக் காட்டினோம்ங்க" என்றார். "தொண்டையில ஒண்ணும் இல்லைன்னாரு."

"அப்படியா, நல்லதாப் போச்சு."

"நாங்க காலி பண்ணிக்கறோம்ங்க."

சொன்னது தானா என்று சந்தேகப்பட்டுப் பின்னால் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு ஓனரிடம், "மன்னிச்சுக்குங்க" என்று ஒன்றைச் சேர்த்துவிட்டு, முகம் பேயறைந்த மாதிரி ஆகி, படியேறினார். பாதிப் படியில் நின்று, "மாப்ளே, நான் என்ன சொன்னேன்?" என்று கேட்டார். எனக்கு அவரை அப்படியே தூக்கிக்கொள்ளலாம் போல இருந்தது. எனக்கு மனம் நெகிழ்ந்தால் கோபம்தான் வரும், அதனால், "ஏறுங்க அத்தான், வழியை அடைச்சுக்கிட்டு" என்று அதட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிடுமூஞ்சி வீட்டுக்குப் போனோம். அத்தான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். வழியெல்லாம் உதட்டுக்குள்ளேயே ஒத்திகை.

"வீட்டை வாங்கிக்கறோம்ங்க" என்றார். நன்றாகத்தான் சொன்னார்.

கிழவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "வாங்கிக்குங்க. ஆனா அந்த ஜன்னலுக்கு வேற பெயின்ட் அடிக்கக் கூடாது."

"சரிங்க."

"படிக்கட்டுல சாமான் வைக்கக் கூடாது."

"சரிங்க."

"அந்தச் சுவர் இருக்கு பாருங்க, அதுல ஆணி அடிக்கக் கூடாது."

"சரிங்..."

முடிக்கவிடவில்லை அக்கா. "அடிப்போம்!" என்றாள். பஸ் நிலையக் குரல். கூடம் முழுக்கச் சுற்றி மாடிப்படி வழியாக மேலே போய்த் திரும்பி வந்தது. நான் கதை முடிந்தது என்று நினைத்துக் கார் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டேன். அத்தான் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

கிழவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இந்தக் குரலை நான் எங்கேயோ கேட்டிருக்கேனே. பஸ் ஸ்டாண்டா?"

"ஆமா."

"நீங்க மைக்குல பேசறீங்கன்னுல்ல நினைச்சேன்." முதல் தடவையாக அவர் முகம் கொஞ்சம் இளகியது. "இந்த வீட்டுல இன்னும் சத்தமாவே பேசலாம்மா. பாலம் கட்டற வேலையில இருந்தவன் நான். வாழ்க்கை முழுக்கக் கத்தியே பேசிப் பழகினவன். அதுக்குத் தாங்கற மாதிரிதான் சுவர் வச்சுக் கட்டினேன். என் பொண்டாட்டியும் லேசுப்பட்டவ இல்ல." அந்தச் சுவரைப் பார்த்தார். "இதுக்கு மட்டும் பூச்சு வேலை நானும் அவளுமா செஞ்சது. அதான் சொன்னேன். அடிச்சுக்குங்க, பரவாயில்ல."

அவரே தொடர்ந்தார். "பொண்ணு வீட்டுல ஒரு ஆணி அடிக்க முடியுமா? ஏழாவது மாடி. வாடகை வீடு. போன தடவை போயிருந்தப்போ நான் நடக்கற சத்தம் இடிக்கற மாதிரி இருக்குன்னு கீழ்வீட்டுக்காரன் ஆளனுப்பிட்டான். இருமினேன், அதுக்கும் சொல்லிட்டான். பொண்ணு ஒண்ணும் சொல்லல. அவ முகத்தைப் பாத்தா எனக்குத் தாங்கல. சாகப்போற வயசுல எப்படிய்யா நடக்கக் கத்துக்கறது?"

அப்போது அத்தான் கண்ணைத் திறந்தார். கட்டியிருந்த கையைப் பிரித்தார். கடையில் கண் தெரியாமல் தடுமாறி வருகிறவர்களைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"ரொம்ப சுலபம்ங்க" என்றார். "எந்திரிங்க, சொல்றேன். முதல்ல செருப்பை மாத்தணும், துணிச் செருப்பா வாங்கிக்குங்க. முன்பாதம் முதல்ல படணும், குதிகால் கடைசியில. அப்படி இல்ல, இப்படி. முழங்காலைக் கொஞ்சம் தளர விடுங்க."

கிழவர் எழுந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் கூடத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குத் திருடப் போகிறவர்களைப் போல நடந்தார்கள். "இருமல் வந்தா தலகாணி. வாளியை வைக்கறப்போ முதல்ல ஒரு ஓரம், அப்புறம் மத்த ஓரம். நாற்காலியைத் தூக்கித்தான் வைக்கணும், இழுக்கக் கூடாது." கிழவர் பாலம் கட்டியவர், சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டார். "ஆணி வேணும்னா நேரா ஆணின்னு கேக்காதீங்க. சுவர்ல ஏற்கனவே அடிச்ச ஓட்டை ஏதாவது இருக்கான்னு கேளுங்க. அவங்களே இறங்கி வருவாங்க." கிழவர் அதைக் கேட்டு அந்தச் சுவர் அதிரச் சிரித்தார். உடனே வாயைப் பொத்திக்கொண்டு, "இது?" என்று கேட்டார்.

"சிரிப்புக்கு மட்டும் வழி கண்டுபிடிக்கலைங்க" என்றார் அத்தான். "அதனாலதான் இங்க வர்றோம்."

அதற்குப் பிறகு அந்தக் கிழவரை நான் சிடுமூஞ்சி என்று சொல்வதை நிறுத்திவிட்டேன். சாவி கொடுத்த அன்றைக்கு அவரைப் பெண் வீட்டில் கொண்டுபோய் விட்டதும் நான்தான். லிஃப்டிலிருந்து இறங்கியதும் துணிச் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டார். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு மனுஷன் கத்திப் பேச இடம் கொடுத்துவிட்டு இன்னொரு மனுஷன் அடங்கிப்போக வேண்டியிருக்கிறது என்று எரிச்சலாக வந்தது. அத்தான் வாரம் ஒருமுறை அவருக்கு போன் செய்கிறார். நடை எப்படி இருக்கிறது என்று விசாரிக்கிறார்.

புது வீட்டுக்குப் போன சில நாளில் ஒரு காலை, அத்தானைக் கடையில் விடுவதற்காக வந்தேன். மாடிக் குழாய் ஒழுகுகிறது என்று அக்கா சமையலறையிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பது தெருவின் மறுகோடியிலேயே கேட்டது. சற்று நேரத்தில் அத்தான் வெளியே வந்தார். தலையைப் படிய வாரி, சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டிருந்தார். கேட்டைத் தாண்டி நாலெட்டு வைத்து, சட்டென்று நின்றார். இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். போக இடமில்லை. வீட்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். எனக்கு விஷயம் விளங்கியதும் ஹாரனில் கவிழ்ந்து சிரித்தேன். அவர் என்னைக் கவனிக்கவே இல்லை.

மாடி ஜன்னல் திறந்தது. நனைந்த தலையோடு குட்டி எட்டிப் பார்த்தாள்.

"அப்பா! ஓனர்கிட்டச் சொல்லிட்டீங்களா?"

என்ன குரல்! அப்படியே அவள் அம்மா. எதிர்வீட்டுக் கொடியில் உட்கார்ந்திருந்த காக்கைகள் எழுந்து பறந்தன. அத்தானின் விரல் பழக்கத்தில் உதட்டுக்குப் போனது. பாதியில் நின்றது. கையைக் கீழே போட்டார். சுற்றுமுற்றும் ஒருமுறை பார்த்துக்கொண்டு, கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டு, தெரு முழுக்கக் கேட்கக் கத்தினார்.

"சொல்லிட்டேன்! நாளைக்குப் பாக்கலாம்னு சொல்றாரு!"

"எல்லா ஓனரும் ஒரே மாதிரிதான்!" என்று சமையலறை ஜன்னலிலிருந்து அக்கா கத்தினாள்.

குழாய் மறுநாள் சரியாகிவிட்டதா என்று கேட்டால், இல்லை. அடுத்த வாரமும் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. அத்தானைப் போல மெத்தனமான ஓனரை நான் எங்கேயும் பார்த்ததில்லை.